நினைவகம் கசிகிறதா, தேங்கி நிற்கிறதா? வாரக்கணக்கில் ஓடும் எடிட்டரை ஆராயும் வழி

அரபு வாசகமும் தமிழ் விளக்கமும் ஒரே வரியில் கலந்து வரும் நூல்களைத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். வலமிருந்து இடம் போகும் எழுத்தும் இடமிருந்து வலம் போகும் எழுத்தும் சந்திக்கும் இடத்தில் கர்சர் தடுமாறும். லினக்ஸ் கணினியில் இந்த வேலைக்கு நாம் பயன்படுத்துவது ஈமேக்ஸ் எடிட்டர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட குனூ ஈமேக்ஸ், 2012இல் வந்த 24.1 பதிப்பிலிருந்து இருதிசை எழுத்தையும் சரியாகக் காட்டுகிறது. இலவசமாகக் கிடைக்கிறது. மென்பொருள் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் பலரும் அறிந்ததுதான்.

இதைப் பலர் மூடுவதே இல்லை. பின்னணியில் டீமனாக ஓடவிட்டு, வேண்டும்போது ஒரு ஜன்னலைத் திறந்துகொள்வார்கள். நாமும் அப்படித்தான். சில வாரங்களில் கணினி திணறத் தொடங்கும். 'டாப்' கட்டளையைப் போட்டுப் பார்த்தால் ஈமேக்ஸ் ஜிகாபைட் கணக்கில் நினைவகத்தைப் பிடித்து வைத்திருக்கும். இடம் முற்றிலும் தீர்ந்துவிட்டால் லினக்ஸ் கெர்னல், அதிகம் தின்னும் நிரலைப் பார்த்துக் கொன்றுவிடும். அப்போது அனுப்பப்படும் சிக்கில் என்ற சமிக்ஞையை எந்த நிரலாலும் தடுக்க முடியாது. கடைசியாக ஒருமுறை சேமிக்கக்கூட அவகாசம் இல்லை. எடிட்டர் ஏறத்தாழ 300 விசையழுத்தங்களுக்கு ஒருமுறை, அல்லது 30 வினாடி சும்மா இருந்தால், தானாகச் சேமித்து வைத்த நகல் மட்டுமே மிஞ்சும். 'ரிக்கவர்-திஸ்-ஃபைல்' என்ற கட்டளையால் அதை மீட்கலாம்.

இப்படி நடந்தால் உடனே "மெமரி லீக்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் வீங்குவதெல்லாம் கசிவு அல்ல. கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு எடுத்த பிரியாணி தேக்சாக்களை நினைத்துப் பாருங்கள். விருந்து முடிந்து மூன்று நாளாகியும் அவை கடைக்குத் திரும்பவில்லை என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம். தேக்சாவில் இன்னும் சோறு இருக்கிறது. அல்லது கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது, யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அல்லது எங்கே வைத்தோம் என்றே வீட்டாருக்குத் தெரியவில்லை. கடைக்காரருக்கு மூன்றும் ஒன்றுதான். கணினியின் 'ரெஸ்' பத்தியில் வரும் எண்ணும் அந்தக் கடைக்காரரின் கணக்கு போன்றதே. எத்தனை வெளியே இருக்கின்றன என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. மூன்றாவது காரணம் மட்டுமே உண்மையான கசிவு.

ஆகவே முதல் கேள்வி: சோறு இருக்கிறதா? ஈமேக்ஸின் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. லிஸ்ப் பொருள்களைக் குப்பை சேகரிப்பு என்ற முறை கவனிக்கிறது. எங்கிருந்தாவது எட்டக்கூடிய பொருள்களுக்கு அடையாளமிட்டு, எட்டமுடியாதவற்றை அது கூட்டித் தள்ளும். எட்டக்கூடியது எதுவும், நாம் மறந்தே போயிருந்தாலும், குப்பை ஆகாது. 28ஆம் பதிப்பிலிருந்து 'மெமரி-ரிப்போர்ட்' என்ற கட்டளை உண்டு. ஆல்ட் விசையோடு எக்ஸ் அழுத்தி இந்தப் பெயரைத் தட்டினால், பொருள்கள் எவ்வளவு, பஃபர்கள் எவ்வளவு, படங்கள் எவ்வளவு, மிகப்பெரிய மாறிகள் எவை என்று தோராயக் கணக்கு வரும். அதன் கூட்டுத்தொகை 'ரெஸ்' எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் கசிவைத் தேடி அலைய வேண்டாம். நம்முடைய பொருள்தான் உள்ளே இருக்கிறது.

அது எங்கிருந்து வருகிறது? கட் செய்ததையும் காப்பி செய்ததையும் ஈமேக்ஸ் வரிசையாக நினைவில் வைக்கிறது. முன்பு 60, 29ஆம் பதிப்பிலிருந்து 120. முழு நூலையும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்யும் பழக்கம் இருந்தால் நூலின் முழு நகல்கள் அங்கே அடுக்கப்படும். செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறும் 'அன்டூ' பட்டியலுக்கு வரம்பு உண்டு. ஆனால் அந்த வரம்பு ஒவ்வொரு பஃபருக்கும் தனித்தனி. நூற்றுக்கணக்கான பஃபர்கள் திறந்து கிடந்தால் கணக்கு மாறும். ஷெல் பஃபரில் ஓடும் நிரலின் வெளியீட்டை யாரும் வெட்டுவதில்லை. அதிகபட்ச வரிகள் 1024 என்று ஒரு அமைப்பு இருக்கிறது, ஆனால் வெட்டும் செயற்கூற்றை நாமே சேர்க்காதவரை அது பேச்சளவில்தான். பயன்படாத பஃபரை மூடிவிடுவது வீண்போகாது. மூடிய பஃபரை ஏதோ ஒரு மாறி இன்னும் சுட்டிக்கொண்டிருந்தாலும் அதன் உரைக்கான இடம் விடுவிக்கப்பட்டுவிடும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் பேரைக் கெடுப்பது ஒரே ஒரு வரி. எவ்வளவு புதிய பொருள் சேர்ந்ததும் குப்பை கூட்ட வேண்டும் என்பதற்கு ஒரு அளவு உண்டு. 64 பிட் கணினியில் அது 8,00,000 பைட். ஈமேக்ஸ் விரைவாகத் திறக்க வேண்டும் என்பதற்காக அந்த அளவை மிகப்பெரிய எண்ணாக மாற்றிவைக்கும் யோசனை பரவலாகக் கிடைக்கிறது. திறந்து முடிந்ததும் பழைய அளவுக்குத் திருப்ப வேண்டும் என்ற இரண்டாவது வரி மட்டும் பலருடைய அமைப்புக் கோப்பில் இருப்பதில்லை. பிறகு குப்பை கூட்டப்படுவதே இல்லை! கையால் 'கார்பேஜ்-கலெக்ட்' கட்டளையை இட்டதும் எடிட்டர் சிறிது நேரம் உறைந்து நின்று, பிறகு நிலைமை மாறினால் இதுதான் காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். வெட்கத்தோடு சொல்கிறோம், நம் கணினியின் நோயும் இதுவே. நாம் கலைப் பட்டதாரி. பிறர் எழுதிய வரியைப் பொருள் புரியாமல் ஒட்டிக்கொண்டதன் விலை, அரை நாள் மொழிபெயர்ப்பு வேலை.

இனி, மெமரி-ரிப்போர்ட் சொல்லும் தொகை சிறிதாகவும் 'ரெஸ்' பெரிதாகவும் இருந்தால்? இப்போது கழுவிக் கவிழ்த்த தேக்சாக்களைப் பார்க்க வேண்டும். ஈமேக்ஸ் நினைவகத்தை நேரடியாகக் கெர்னலிடம் வாங்குவதில்லை. லினக்ஸில் பெரும்பாலும் ஜி-லிப்-சி நூலகத்தின் 'மேலாக்' என்ற பகுதிதான் இடைத்தரகர். ஈமேக்ஸ் திருப்பிக் கொடுத்ததை அது அடுத்த தேவைக்காகத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஹீப் என்ற பகுதி வழக்கமாக மேலிருந்துதான் சுருங்கும். உச்சியில் ஒரு சின்னப் பொருள் உட்கார்ந்திருந்தால் அதன் கீழே உள்ள வெற்றிடம் அப்படியே நிற்கும். அடுக்கின் மேல் தேக்சாவில் ஒரு கரண்டிச் சோறு இருப்பதால் மொத்த அடுக்கும் அசையாத கதை. மெமரி-ரிப்போர்ட்டிலேயே 'ஒதுக்கப்பட்டும் பயன்படாதது' என்று ஒரு வரி வரும். ஆனால் அது லிஸ்ப் பொருள்களுக்கான இடம் மட்டும், மேலாக்கின் கையிருப்பு அதில் வராது. அதைக் காண அண்மைப் பதிப்புகளில் 'மேலாக்-இன்ஃபோ' கட்டளை இருக்கிறது. அதன் விடை எடிட்டருக்குள் தெரியாது. பிழைச் செய்திகள் போகும் வழியில் போகும். ஆகவே டெர்மினலிலிருந்து ஈமேக்ஸைத் தொடங்கியிருக்க வேண்டும். கையிருப்பு அதிகம் என்று தெரிந்தால் 'மேலாக்-ட்ரிம்' கட்டளையை இட்டுப் பாருங்கள். 'ரெஸ்' சடாரென்று இறங்கினால் அது கசிவே இல்லை. இறங்கியே தீரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

லிஸ்ப் கணக்கிலும் இல்லை, மேலாக்கின் கையிருப்பிலும் இல்லை, ஆனாலும் எண் ஏறுகிறது என்றால்தான் மூன்றாவது சந்தேகம் வலுக்கிறது. சி மொழிப் பகுதியோ, படம், எழுத்துரு போன்றவற்றைக் கையாளும் வெளி நூலகமோ வாங்கியதைத் திருப்பாமல் விட்டிருக்கலாம். இங்கே பொறுமை வேண்டும். மணிக்கொருமுறை 'ரெஸ்' எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறி ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால் அது தேக்கம். சும்மா கிடக்கும்போதும் நிற்காமல் ஏறினால் கசிவு. பிறகு நம் அமைப்புகள் எதையும் ஏற்றாத 'க்யூ' விருப்பத்துடன் ஈமேக்ஸைத் திறந்து அதே வேலையைச் செய்து பார்க்க வேண்டும். அங்கே ஏறவில்லையானால் குற்றவாளி நம் அமைப்புக் கோப்பிலோ சேர்த்த பொதிகளிலோ இருக்கிறது. பாதியை நிறுத்திப் பார்த்து, பிறகு அதில் பாதி என்று நெருங்கலாம்.

நிரலாளர்கள் இதற்கு மேல் ஹீப்ட்ராக், வால்கிரைண்ட் போன்ற கருவிகளை எடுப்பார்கள். ஹீப்ட்ராக் ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் எந்தச் செயற்கூறு கேட்டது என்று பதிவுசெய்யும். வால்கிரைண்டில் ஓட்டினால் எடிட்டர் பல மடங்கு மெதுவாகும். அதோடு ஈமேக்ஸ், முகவரிகளின் கடைசி பிட்டுகளில் பொருளின் வகையைக் குறித்துவைக்கும் வழக்கமுள்ளது. அதனால் நல்ல நிலையில் உள்ள பொருளைக்கூட 'தொலைந்திருக்கலாம்' என்ற தலைப்பில் வால்கிரைண்ட் பட்டியலிடக்கூடும். அந்தத் தலைப்பை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு கசிவுதான் என்று பட்டால் 'ரிப்போர்ட்-ஈமேக்ஸ்-பக்' கட்டளை வழியாகப் பராமரிப்பாளர்களுக்கு எழுதலாம். பதிப்பு எண்ணை அது தானே சேர்த்துக்கொள்ளும். மணிவாரியாகக் குறித்த எண்கள், மெமரி-ரிப்போர்ட்டின் விடை, மேலாக்-இன்ஃபோவின் விடை, 'க்யூ' விருப்பத்தில் நடந்தது என்ன என்ற நான்கையும் நாம் சேர்க்க வேண்டும்.