சென்னையின் தடங்களும் வடதிசை மக்களும்

காவிரிப்பூம்பட்டினத்தை இளங்கோவடிகள் இரு பாக்கங்களாகப் பகுத்துக் காட்டுகின்றார். கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம். பரதவரும், நெசவாளரும், கொல்லரும், தச்சரும், கலம் ஏறி வந்த யவனரும் அங்கே வாழ்ந்தனர். அதனை அடுத்து உள்நோக்கி அமைந்தது பட்டினப்பாக்கம். அரசர் தெருவும் பெருவணிகர் மாடங்களும் அங்கே ஓங்கி நின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட சோலையில் நாளங்காடி கூடிற்று. உழைப்பார் ஒருபுறமும் செல்வர் ஒருபுறமும் வாழ்ந்த அந்நகரம் ஒரே நகரமாக இயங்கியதற்குக் காரணம், இருசாராரும் நாள்தோறும் நடந்து வந்து ஓரிடத்தில் கூட முடிந்ததேயாம்.

சென்னை மாநகருக்கும் இவ்விலக்கணம் பொருந்தும். துறைமுகமும் ஆலைகளும் பணிமனைகளும் வடக்கே அமைந்தன. புதிய குடியிருப்புகளும் கல்விக்கூடங்களும் அலுவலகங்களும் தெற்கே பெருகின. ஆயின் இங்கே கால்நடையாய்க் கடக்கும் தொலைவு இல்லை. இரு பாக்கங்களையும் இணைக்கும் பொறுப்பு தொடர்வண்டிக்கும் டிராமுக்கும் பேருந்துக்கும் உரியதாயிற்று. எந்தத் திசையில் தடம் இடப்பட்டதோ அந்தத் திசையில் ஊர் வளர்ந்தது. எந்தத் திசை காத்திருந்ததோ அங்கே மக்களின் உழைப்பு மட்டும் நகருக்கு வந்தது. நகரின் வசதி அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

அவ்வாறு காத்திருந்த வடதிசையின் கோடியில் உள்ள ஊர்களுள் ஒன்று வரதய்யபாளையம். தடாவிலிருந்து திருக்காளத்தி செல்லும் சாலையில், சத்தியவேட்டுக்கு அண்மையில் உள்ளது. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம் அது. தமிழகத்தின் வடவெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் வகுத்த எல்லைக்கு உட்பட்ட நிலம். சென்னைக்கு அங்கிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர் தொலைவே உண்டு. நகரின் வரலாற்றை அதன் நடுவிலிருந்து பார்ப்பது நம் வழக்கம். இங்கே அதனை இந்த வடகோடியிலிருந்து பார்ப்போம்.

இராயபுரத்தில் பிறந்த இரும்புப் பாதை

தென்னிந்தியாவின் முதல் பயணத் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு, ஆர்க்காட்டை அடுத்த வாலாஜா ரோடு வரை சென்றது. இராயபுரம் வடசென்னையின் நெஞ்சுப் பகுதி. ஆகவே தெற்கு முழுமைக்கும் இரும்புப் பாதையைத் தந்த தாய் வடசென்னையே என்பது வரலாறு. 1873இல் சென்ட்ரல் நிலையம் எழுந்த பின்னர் இராயபுரத்தின் முதன்மை மெல்லக் குறைந்தது. 1899இல் சென்னையையும் பெஜவாடா எனப்பட்ட விஜயவாடாவையும் இருப்புப் பாதை இணைத்தது. கும்மிடிப்பூண்டி, தடா, சூளூர்ப்பேட்டை ஆகிய ஊர்கள் அப்பாதையில் நிலையங்கள் ஆயின. நெல்லும் விறகும் மீனும் ஏற்றிக்கொண்டு எல்லைப்புறத்து மக்கள் பட்டணம் வந்து திரும்பும் வழி அவ்வாறு திறந்தது.

டிராம் தந்த பாடம்

நகரின் உள்ளே மக்களைச் சுமந்த பெருமை டிராமுக்கு உரியது. 1895ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல் மின்சார டிராம். கல்கத்தாவில் மின்டிராம் ஓடியது 1902இல். பம்பாயிலும் கான்பூரிலும் 1907இல். தொடக்கத்தில் மின்கம்பியைத் தரைக்கடியில் குழாய்வழி பதித்திருந்தனர். சென்னையின் மழைக்கு அம்முறை ஈடுகொடுக்கவில்லை. பின்னர் மேலே கம்பி கட்டி ஓட்டினர். துறைமுகத்தையும் பாரி முனையையும் மவுண்ட் ரோட்டையும் பூந்தமல்லி நெடுஞ்சாலையையும் அது பிணைத்தது. 1921இல் 24 கிலோமீட்டர் தடத்தில் 97 வண்டிகள் ஓடின. துறைமுகத்துச் சுமைகாரரும் கச்சேரி எழுத்தரும் பள்ளி மாணவரும் ஒரே பலகையில் அமர்ந்து சென்ற அந்த வண்டி, சென்னைக்கு வாய்த்த நாளங்காடி எனலாம்.

அந்த டிராம் 1953ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நின்றுபோயிற்று. மக்கள் ஏறாமல் அது நிற்கவில்லை. 1951ஆம் ஆண்டுக் கணக்கின்படி நகரின் மக்கள்தொகை 14 லட்சத்தைக் கடந்திருந்தது. ஏறுவோர் பெருகிய காலத்தில் ஓட்டிய நிறுவனம் நொடித்தது என்பதே உண்மை. பொதுமக்களின் கால்களாக விளங்கிய ஒன்றை ஒரு தனி நிறுவனத்தின் வரவு செலவு ஏட்டை மட்டும் கொண்டு அளந்ததால் வந்த முடிவு அது. 1947இல் அரசே பேருந்துகளை நடத்தத் தொடங்கியிருந்தது. அப்பேருந்துகள் அந்தச் சுமையை ஏற்றன. 1972ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவானபோது அதன் கையில் ஏறத்தாழ ஆயிரம் பேருந்துகள் இருந்தன. நெரிசலில் படியில் தொங்கிச் சென்ற தலைமுறையினர் நம்மில் பலர் உள்ளனர்.

டிராமை இழந்த நகரம் சென்னை மட்டும் அன்று. இலண்டன் 1952இல் தன் பழைய டிராமை நிறுத்தியது. அரை நூற்றாண்டு நெருங்கிய பின், 2000ஆம் ஆண்டில் குராய்டன் பகுதியில் மீண்டும் தடமிட்டது. மெல்போர்ன் நகரம் நிறுத்தாமலே காத்துக்கொண்டது. உலகின் மிகப் பெரிய டிராம் வலைப்பின்னல்களுள் ஒன்று இன்று அங்கேதான் உள்ளது. பெயர்த்தெடுத்த தடத்தை மீண்டும் இடுவதற்கு ஆகும் பொருளும் காலமும் எவ்வளவு என்பதை அந்நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் நேரில் அறிவர்.

தெற்கு வளர்ந்த வகை

தென்சென்னையின் கதை வேறு. 1923ஆம் ஆண்டை ஒட்டி மாம்பலத்து ஏரிப் பகுதியில் தியாகராய நகர் உருவாகத் தொடங்கியது. பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1931ஆம் ஆண்டு கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுக்கு, மீட்டர் பாதையில் மின்தொடர்வண்டி ஓடிற்று. மாம்பலமும் சைதாப்பேட்டையும் பல்லாவரமும் தாம்பரமும் நகரின் உறுப்புகளாயின. எளிய எழுத்தர் ஒருவர் புறநகரில் மனை வாங்கி, பருவச்சீட்டு எடுத்து, கோட்டைக்குப் பணிக்குச் சென்று மாலையில் வீடு திரும்ப முடிந்தது. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வாழ்வையே அந்தத் தடம் மாற்றிற்று.

வடக்கே அவ்வாறு நிகழாமைக்குக் காரணங்கள் உண்டு. தெற்குப் பாதை தென்னிந்திய இரயில்வே நிறுவனத்தினுடையது. வடக்குப் பாதையும் மேற்குப் பாதையும் சென்னை மற்றும் தென் மராத்தா இரயில்வே நிறுவனத்தினுடையவை. ஒரு நிறுவனம் முன்னே சென்றது, மற்றொன்று செல்லவில்லை. தெற்கே வீட்டுமனைக்கு ஏற்ற வெற்று நிலம் இருந்தது. வடக்கே துறைமுகமும் ஆலைகளும் முன்பே நெருங்கி நின்றன. இக்காரணங்கள் யாவும் உண்மையே. ஆயினும் விளைவு ஒன்றுதான்: கும்மிடிப்பூண்டி வரை மின்தொடர்வண்டி சென்றது 1979ஆம் ஆண்டில். தெற்குக்கும் வடக்குக்கும் இடையே 48 ஆண்டு இடைவெளி. அஃதாவது இரண்டு தலைமுறை.

அந்த 48 ஆண்டுகளில் வடக்கு வாளா இருக்கவில்லை. 1955இல் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை தொடங்கப்பெற்று, நாடு முழுமைக்கும் தொடர்வண்டிப் பெட்டிகள் செய்து தந்தது. மணலியில் எண்ணெய்த் தூய்மிப்பு ஆலையும் எண்ணூரில் அனல்மின் நிலையமும் எழுந்தன. ஊருக்கெல்லாம் பெட்டி செய்தவர்களும் மின்னாற்றல் தந்தவர்களும் வாழ்ந்த பக்கம், மின்சாரப் பெட்டியில் ஏறக் காத்திருந்தது.

எல்லைக்கோடு

டிராம் நின்ற அதே 1953ஆம் ஆண்டின் அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் ஆந்திரத்துடன் சென்றது. வடக்கெல்லைப் போராட்டத்தை ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்தினார். பட்டாஸ்கர் வகுத்த தீர்வின்படி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. ஈடாகச் சத்தியவேட்டைச் சூழ்ந்த ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. எல்லை யாருக்கு என்ற வழக்கை இங்கே மீண்டும் கிளறுவது நம் நோக்கமன்று. அக்கோட்டினால் அன்றாட வாழ்வில் நேர்ந்ததையே கருத வேண்டும். சந்தைக்கும் மருத்துவத்துக்கும் கல்விக்கும் சென்னையை நோக்கியே வாழ்ந்த ஊர்கள், ஆட்சியளவில் வேறொரு தலைநகருக்கு உரியனவாயின. ஒரு மாநிலத்தின் நகரப் பேருந்து எல்லையோடு நின்றது. அடுத்த மாநிலத்துக்கோ அவ்வூர்கள் ஒரு கோடி. இரு வீட்டுக்கும் உரிய பிள்ளையை இரு வீட்டாரும் மற்றவர் கவனிப்பார் என்று விட்டதைப் போன்றது அந்நிலை. பிணைப்பு அறாமல் காத்தது பெஜவாடா இருப்புப் பாதை ஒன்றே. மின்தொடர்வண்டிகள் பிற்காலத்தில் கும்மிடிப்பூண்டியையும் தாண்டி, தடா வழியாகச் சூளூர்ப்பேட்டை வரை சென்றன. மாநிலங்கள் பிரித்ததை இருப்புப் பாதை மீண்டும் பிணைத்தது.

புத்துயிர் பெறும் நகரம்

கடந்த முப்பது ஆண்டுகளில் சென்னை மீண்டும் தடமிடத் தொடங்கியுள்ளது. பறக்கும் தொடர்வண்டி 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடிற்று. 1997இல் திருமயிலைக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் நீண்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு எஞ்சிய ஐந்து கிலோமீட்டர்ப் பணியோ அடுத்த 15 ஆண்டுகளிலும் முடியவில்லை. சிறு துண்டு எஞ்சினாலும் தடம் முழுப்பயன் தராது என்பதற்கு இதுவே சான்று.

மெட்ரோ தொடர்வண்டி 2015ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 2019இல் வண்ணாரப்பேட்டையை எட்டியது. 2021 பிப்ரவரியில் திருவொற்றியூர் வழியே விம்கோ நகர் சென்றது. இம்முறையும் வடக்கு இறுதியில் வந்தது. ஆனால் காத்திருந்தது 48 ஆண்டுகள் அன்று, ஏறத்தாழ ஆறு ஆண்டுகளே. 2018இல் ஆந்திரத்துப் பேருந்துகளுக்கென மாதவரத்தில் நிலையம் திறக்கப்பட்டது. 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்று வழித்தடங்களுள் இரண்டு அந்த மாதவரத்திலிருந்தே தொடங்குமாறு வகுக்கப்பட்டுள்ளன. வடக்கிலிருந்து தடத்தை எண்ணத் தொடங்கியிருப்பது நல்ல குறி.

வரதய்யபாளையத்தின் நிலையும் மாறியது. 2008ஆம் ஆண்டு முதல் சத்தியவேடு, வரதய்யபாளையம் வட்டாரங்களில் ஸ்ரீசிட்டி என்னும் தொழில்நகரம் எழுந்தது. முன்பு அங்கிருந்து சென்னைக்கு வேலை தேடி வந்தனர். இப்போது சென்னையிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் அங்கே வேலைக்குச் செல்கின்றனர். 2022 ஏப்ரலில் அவ்வூர் சித்தூர் மாவட்டத்தினின்று புதிய திருப்பதி மாவட்டத்துக்கு மாறிற்று. மாவட்டத்தின் பெயர் மூன்று தலைமுறையில் எத்தனை முறை மாறினாலும், மக்கள் செல்லும் வழி மாறவில்லை.

எண்ணிப் பார்க்க வேண்டுவது

நகரம் புத்துயிர் பெறுவது என்றால் என்ன? பளிங்குத் தரையும் குளிர்ந்த பெட்டியும் மட்டும் அதற்கு அளவாகா. விடியற்காலையில் கூடையோடு புறப்படும் பெண் தன் கூலியில் பெரும்பங்கைப் பயணத்துக்கே இழக்காமல் இரவுக்குள் வீடு திரும்ப முடிகிறதா என்பதே அளவுகோல். 2021 மே திங்களில் தமிழ்நாட்டு அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கியது. பல்லாயிரம் கோடி செலவில் எழுந்த பாலங்களுக்கு இணையாக நகரை உயிர்ப்பித்த செயல் அது எனில் மிகையன்று. பேருந்து, புறநகர் வண்டி, மெட்ரோ மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு தரும் ‘சென்னை ஒன்று’ செயலியும் 2025இல் வந்தது. இத்தகைய ஏற்பாடுகள் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சூளூர்ப்பேட்டைக்கும் சத்தியவேட்டுக்கும் வரதய்யபாளையத்துக்கும் எட்டும் நாளில்தான் இரு பாக்கங்களும் ஒரு நகரமாகும். அதற்கு இரு மாநிலங்களும் கூடிப் பேச வேண்டும். திருப்பதிக்குச் செல்லும் அடியார்க்குப் பேருந்து விட இரு மாநிலங்களும் உடன்பட முடிந்தது. ஆலைக்குச் செல்லும் தொழிலாளிக்கு உடன்படுவது அரிதன்று.

பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நாம் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வானூர்தி நிலையத்திலிருந்து வாடகைக் காரில் ஏறி நகரைக் கடந்து விடுகின்றோம். நம் பிள்ளைகள் காண்பது அக்காரின் கண்ணாடிக்கு அப்பால் நகரும் காட்சியையே. ஒருமுறையேனும் அவர்களை அழைத்துக்கொண்டு சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறிப் பாருங்கள். பேசின் பாலமும் திருவொற்றியூரும் எண்ணூரும் கடந்து, உப்புக்காற்று வீச, இரு மொழியும் ஒரே பெட்டியில் ஒலிக்கும். தடம் சேர்த்து வைத்த தமிழகத்தின் வடபாதியை அவர்கள் அங்கே காண்பர்.