குளத்து நீரும் சட்டத்தின் எல்லையும்

ஒரு மனிதனின் சுதந்திரம் எதுவரை செல்லும்? பிறருக்குத் தீங்கு விளையுமிடத்தில் அது நின்றாக வேண்டும் என்று 1859இல் ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதினார். ஏட்டில் எளிதாகத் தோன்றும் இவ்விதி நம் நாட்டில் ஒரு குளக்கரையில் சோதனைக்குள்ளாயிற்று. அவ்வரலாற்றை இவ்வெள்ளி விழா மலரில் நினைவுகூர்வது நம் கடமையாகும்.

அன்றைய பம்பாய் மாகாணத்து மகாட் நகரில் சவதார் குளம் உள்ளது. சாதி இந்துக்களும் பிற மதத்தவரும் அதில் நீர் எடுத்தனர். தாழ்த்தப்பட்டோர் மட்டும் அணுகலாகாது. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் அனைவருக்கும் திறந்துவிடும் தீர்மானத்தை எஸ். கே. போலே கொண்டுவர, 1923இல் பம்பாய்ச் சட்டசபை அதனை நிறைவேற்றியது. 1924இல் மகாட் நகராட்சியும் அதனை ஏற்றது. அதே ஆண்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் முயற்சியால், பொதுச்சாலை, கிணறு, குளம் எவருக்கும் உரியவை என்ற தீர்மானம் நிறைவேறிற்று. எனினும் தீர்மானம் தாளில் இருந்தது. தாகம் தொண்டையில் இருந்தது.

1927 மார்ச் 20 அன்று டாக்டர் அம்பேத்கர் தலைமையில் மக்கள் ஊர்வலமாகச் சென்று சவதார் குளத்து நீரை அருந்தினர். அன்றே அவர்கள் தாக்கப்பட்டனர். குளம் தீட்டுப்பட்டதென்று சுத்திகரிப்புச் சடங்கும் நடந்தது. நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் எதிர்த்தரப்பார், குளம் தனியாருக்குரியது, விலக்கி வைப்பது தங்கள் வழக்கம் என வழக்கிட்டு இடைக்காலத் தடை பெற்றனர். அம்மாதம் மகாடில் மீண்டும் மாநாடு கூடியது. திரண்டிருந்த மக்கள் குளத்திற்குச் செல்லத் துணிந்திருந்தும், அண்ணல் தடையை மதித்து வழக்கையே நடத்தினார். 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் நம்மவர் பக்கம் தீர்ப்பளித்தது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விலக்கி வைப்பது அநீதி என்பதற்காக அத்தீர்ப்பு வழங்கப்படவில்லை. தொன்றுதொட்ட வழக்கம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்பதற்காகவே வழங்கப்பட்டது. வழக்கம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால்? அந்தக் கதவை அடைத்தது 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பே ஆகும். அதன் 17ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. 13ஆம் விதி, அடிப்படை உரிமைக்கு முரணான வழக்கத்தைச் செல்லாததாக்கியது. 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது.

ஒருவர் தம் வீட்டில் எவரை விருந்துக்கு அழைப்பது என்பதில் சட்டம் தலையிடுவதில்லை. பொதுக்குளத்தின் வாயிலை மறிப்பதோ அவ்வாறன்று. மறிப்பவர் அடைவது மனக்கசப்பு. மறிக்கப்படுபவர் இழப்பது தண்ணீரும் மானமும். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

சட்டம் உள்ளத்தை மாற்றாது என்பர். மெய்தான். ஆயினும் ஓங்கிய கையை அது தடுக்க முடியும், தடுக்கவும் வேண்டும். கர்நாடகத்தில் புதிய ஆழ்குழாய்க் கிணற்றில் நீர் எடுக்கவிடாது துப்பாக்கி காட்டி மிரட்டியவர்களை உயர்நீதிமன்றம் விடுவித்ததை 1992இல் உச்சநீதிமன்றம் நீக்கி, அவர்களது தண்டனையை மீண்டும் நிலைநிறுத்தியது. மகாட் நிகழ்ச்சிக்கு 65 ஆண்டுகளுக்குப் பின்னரும் அத்தகைய வழக்கு தேவைப்பட்டது என்பதை மறவாதிருப்போம்.

தீர்மானம் ஓராண்டில் வரும். தீர்ப்புக்குப் பத்தாண்டுகள் ஆகலாம். இடைப்பட்ட காலத்தில் உரிமையைக் காப்பது, அதனை அறிந்து துணிந்து நடப்பவரின் காலடியே. நம் பிள்ளைகள் சட்டத்தைத் தாமே படித்துப் பொருள் உணர வேண்டுமென நாம் பள்ளிக்கூடம் நடத்துவதும் இதற்காகவே.