மணலில் ஓடிய விரல்

போன வாரம் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். நாலு முடிஞ்சு அஞ்சு வயசு நடக்குது. கூடவே ஒரு அட்டைப்பெட்டியும் வந்துச்சு. உள்ளே ஒரு பிளாஸ்டிக் தட்டு, நீலக் கலர் மணல் ஒரு பாக்கெட், மணலைச் சமன் பண்ண ஒரு சின்னக் கட்டை. பென்சிலைக் கையில் கொடுத்தாலே அழுகிறாளாம். பக்கம் பக்கமா எழுதச் சொன்னால் நோட்டைத் தூக்கி எறிகிறாளாம். அதனால் மணலில் விரலால் எழுதப் பழக்குங்கன்னு யாரோ மகளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏனுங்கப்பா, இது வெளிநாட்டு முறைங்க, தொட்டுத் தொட்டுப் படிக்கிறது" என்றாள். விலையைக் கேட்டேன். ஆத்து மணல் விக்கிற விலைக்கு இதுவும் சரிதான்னு விட்டுட்டேன். ஆனா 'வெளிநாட்டு முறை'ங்கிற வார்த்தை மட்டும் ராத்திரி தூங்க விடலை. எங்கய்யன் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணல்ல எழுதிப் படிச்சவர்.

அவர் சொல்லிக் கேட்டது இது. திண்ணையில் மணலைப் பரப்பி, பையனோட விரலைப் பிடிச்சு 'அ' போட்டுக் காட்டுவாங்க. பையன் சத்தமாச் சொல்லிக்கிட்டே அதே தடத்தில் விரலை ஓட்டணும். தப்பாப் போச்சுன்னா உள்ளங்கையால ஒரு தடவு, தடமே இருக்காது. எழுத்து கைக்கு வந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். ஓலையில் கீறினதை அழிக்க முடியாது பாருங்க, அதனால தப்பெல்லாம் மணல்லயே செஞ்சு முடிச்சிரணும். புதுசா வந்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறதும் பல நாள் வாத்தியார் இல்லை, மூத்த பையன் ஒருத்தன். அவனுக்குச் சட்டாம்பிள்ளைன்னு பேரு.

இது எவ்வளவு பழசு? 1623இல் பியெத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலிய வழிப்போக்கர் கர்நாடகத்து இக்கேரிக்கு வந்தார். ஒரு கோயில் முகப்பில் சின்னப் பையன்கள் உட்கார்ந்து, ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே தரை மணலில் விரலால் கணக்கு எழுதியதைப் பார்த்து வியந்து எழுதி வைத்திருக்கிறார். தப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, வாத்தியார் இல்லாமலே ஒருத்தருக்கொருத்தர் திருத்திக்கொள்வோம் என்றார்களாம்.

அடுத்த கதை சென்னையில். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் அங்கே வந்து இறங்கினார். 1789இல் எழும்பூரில் ராணுவக்காரர்களின் அநாதைப் பையன்களுக்கான விடுதிப் பள்ளி அவர் பொறுப்பில் வந்தது. ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது 'மலபார்' பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்க்கிறார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழர்களையும் மலபார் என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய்த் தன் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கே இருந்த உதவி வாத்தியாருக்கு அது பிடிக்கவில்லை, ஆகாது என்றுவிட்டார். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயசுப் பையனைக் கூப்பிட்டு, சின்னவர்களுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார். அது நடந்தது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்: பெரியவர் முடியாது என்றதை 8 வயசு செஞ்சு காட்டிருச்சு.

1796இல் பெல் ஊர் திரும்பி, அடுத்த வருஷம் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். அதுதான் 'மெட்ராஸ் முறை'. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் கிட்டத்தட்ட இதே மாதிரிப் பள்ளிக்கூடம் நடத்தினார். காகிதம் வாங்க வழியில்லாத ஏழைப் பிள்ளைகள் படித்த அந்தப் பள்ளிகளில் ஓரம் கட்டின மேசையில் மணலைக் கொட்டி, சமன் பண்ணி, விரலால் எழுத வைத்தார்கள்.

இப்ப வீடுகளுக்கு வர்ற தட்டு நேரா அந்த வழியா வந்ததுன்னு சொல்ல மாட்டேன். மரியா மாண்டிசோரி அம்மா ரோம் நகரத்தில் 1907இல் குழந்தைகள் பள்ளி ஆரம்பித்தவர். உப்புத்தாளில் எழுத்தை வெட்டிப் பலகையில் ஒட்டி, விரலால் தடவிப் பழக வைத்தது அவர் வழி. 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் காரணமாக 1946 வரைக்கும் இந்தியாவிலேயே இருந்தார். எல்லாத்தையும் நாமதான் கண்டுபிடிச்சோம்னு மார் தட்ட வேண்டியதில்லை. ஆனா மணல் நம்ம திண்ணையில இருந்துச்சுங்கிறது நிசம்.

இதையெல்லாம் மகளிடம் பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தேன். கட்டில்ல படுத்திருந்த எங்கம்மா கேட்டுக்கிட்டே இருந்து, "அந்த மணல்ல என்னைய எங்கடா உக்கார வெச்சாங்க?" என்றாங்க.

எனக்குப் பதில் இல்லை. 1822இல் மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ பள்ளிக்கூடக் கணக்கு எடுக்கச் சொன்னார். மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அதில் பெண் பிள்ளைகள் எண்ணிக்கை சொல்லும்படியாக இல்லை. எங்க ஊர்த் திண்ணையில் பெண்டுக ஏறினதில்லை. காட்டு வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன்களும் ஏறினதில்லை. ஏறின பையன்களையும் கோதண்டம் போட்டுத் தொங்கவிடுற வாத்தியார்கள் இருந்தாங்க. எங்கய்யன் அதையும் சொல்லியிருக்கார். நான்தான் மணலை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டேன்.

அம்மா புளியங்கொட்டையில எண்ணப் படிச்சவங்க. பல்லாங்குழியில அவங்களை ஜெயிக்க முடியாது. கம்பை வள்ளத்தில அளந்து போடும்போது கணக்குத் தப்பாது. அள்ளிப் பார்த்தே தவசம் காஞ்சிருச்சா இல்லையான்னு சொல்லிருவாங்க. பேங்க்கில் மட்டும் கைநாட்டு.

நீல மணல் சாயம் விரல்ல ஒட்டுச்சுன்னு பேத்தி மூணாம் நாளே தட்டை ஒதுக்கிட்டா. வீடு கட்டினப்போ மீந்த மணல் கொஞ்சம் மாட்டுச்சாளைப் பக்கம் கிடந்தது. சலிச்சு, கழுவி, வெயில்ல காய வெச்சுத் தாம்பாளத்தில் கொட்டினேன். கல் பொறுக்கினது அம்மா. பேத்தி வாசல்ல உட்கார்ந்து 'அ' போட்டா. சுழி பெருசாப் போய் வால் தட்டுக்கு வெளியே ஓடிருச்சு. அழலை. "அப்புச்சி, பெரியாத்தா பேரு எழுதட்டா?" என்றாள். எழுத்தெழுத்தா நான் சொல்லச் சொல்ல எழுதினாள், ரெண்டு எழுத்து தலைகீழ்.

அம்மா கட்டில்ல இருந்து குனிஞ்சு கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் அதை அழிக்க வேண்டாம்னுட்டு, பக்கத்தில் இருந்த மணலை மட்டும் உள்ளங்கையால சமன் பண்ணி விட்டாங்க.