'ஐரிஷ்' என்னும் பெயர்: ஆர்கைல் காலாட்படையை முன்வைத்து

பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர்களைப் பற்றிய ஸ்காட்லாந்து ஆவணங்களை மொழிபெயர்ப்போர் பலகாலும் எதிர்கொள்ளும் சொல் 'ஐரிஷ்' என்பதாகும். இதனை எங்கும் 'அயர்லாந்தினர்' என்று பெயர்த்துவிடுதல் எளிது. ஆனால் பல இடங்களில் அது பிழையாக முடியும். ஆர்கைல் காலாட்படையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அயர்லாந்தில் 1641இல் எழுந்த கிளர்ச்சியை ஒடுக்குவதற்காக, முதலாம் சார்லஸ் மன்னரின் ஆணை பெற்று, ஆர்கைல் பிரபு ஆர்ச்சிபால்டு காம்பெல் 1642இல் இப்படையைத் திரட்டினார். களத்தில் தலைமை தாங்கியவர் ஆச்சின்பிரெக் குடும்பத்து சர் டங்கன் காம்பெல். வீரருள் பலர் மேற்கு மலைநாட்டினர்; அவர்தம் தாய்மொழி கேலிக். அவ்வாண்டிலேயே இவர்கள் ராத்லின் தீவில் இறங்கி, அங்கு வாழ்ந்த மக்டொனால்டு குடியினரைக் கொன்று குவித்தனர். கொல்லப்பட்டவர் மொழியும் கேலிக்கே.

இம்மொழியின் பெயர் வரலாறு நோக்கத்தக்கது. தாழ்நாட்டார் தம் மொழியை முற்காலத்தில் 'இங்கிலிஸ்' என்றே வழங்கினர். 'ஸ்காட்டிஸ்' என்பது கேலிக்கைக் குறித்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் தம் மொழிக்கே 'ஸ்காட்டிஸ்' என்னும் பெயரைச் சூட்டலாயினர். பெயரிழந்த கேலிக்குக்கு 'எர்ஸ்', அதாவது 'ஐரிஷ்', என்பதே எஞ்சியது. பள்ளிகள் நிறுவுவது குறித்து 1616இல் ஸ்காட்லாந்து மன்னர் அவை பிறப்பித்த ஆணையும் மலைநாட்டு மொழியை 'ஐரிஷ் மொழி' என்றே சுட்டி, அதனை ஒழிக்க வேண்டும் என்கிறது. சொந்த நாட்டு மொழியினரை அயலாராகக் காட்டும் பெயர் இது.

1645 பிப்ரவரி 2இல் நடந்த இன்வர்லாக்கிப் போரில் இச்சிக்கல் உச்சம் பெறுகிறது. மான்ட்ரோஸ் தரப்பில் அலஸ்டர் மக்கொல்லாவின் அல்ஸ்டர் வீரரும் மலைநாட்டுக் குடிகளும் நின்றனர். எதிரே, அயர்லாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட டங்கன் காம்பெலின் தலைமையில் ஆர்கைலின் ஆட்கள். இரு தரப்பிலும் பெரும்பாலோர் கேலிக் பேசியவர்களே. டங்கன் காம்பெல் அப்போரில் மாண்டார். ஆர்கைல் தம் படகிலேறித் தப்பினார்.

சொல்லின் பொருள் உயிரோடு தொடர்புடையதாகவும் இருந்தது. ஆங்கில நாடாளுமன்றம் 1644 அக்டோபரில், தனக்கெதிராகப் போரிட்டுப் பிடிபடும் அயர்லாந்தினருக்கு உயிர்ப்பிச்சை அளிக்கலாகாது என விதித்தது. 1645 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் பிலிப்ஹாவில், உயிர்ப்பிச்சை உறுதியை நம்பிச் சரணடைந்த அயர்லாந்து வீரர் கொல்லப்பட்டனர். உடன்வந்த பெண்டிரும் சிறாரும் தப்பவில்லை. இங்கே 'ஐரிஷ்' என்பதை 'கேலிக் மொழியினர்' எனப் பெயர்ப்பின் கொலையின் காரணமே மறைந்துபோகும்.

அயர்லாந்தில் எஞ்சிய ஆர்கைல் படையினர் 1649இல் தாயகம் மீண்டனர். அவர்களுக்கு வழங்கிய பெயர் 'ஐரிஷ் கம்பெனிகள்'. இங்கு அச்சொல் பிறப்பையோ மொழியையோ குறிக்காது. பணியாற்றிய இடத்தையே குறிக்கும். 'அயர்லாந்திலிருந்து மீண்ட அணிகள்' என்பது நீளமாயினும் பொருந்தும். ('கம்பெனி' என்றே எழுதினால் தமிழ் வாசகர் வணிகக் கும்பினியை நினைக்கக்கூடும்.) 1650இல் இரண்டாம் சார்லஸ் இவ்வணிகளைத் தம் மெய்க்காவல் காலாட்படையாக்கினார். 1651இல் வூஸ்டரில் அது தோற்றுச் சிதறியது. மன்னராட்சி மீண்டபின் புதிதாகத் திரட்டப்பட்ட ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையணி தன் தோற்றத்தை 1642ஆம் ஆண்டுப் படையிலிருந்தே கணக்கிடுகிறது. அதன் பெயரில் இருப்பதோ 'ஸ்காட்ஸ்'.