ஸ்பீடி சொன்ன திசை
1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுஉலை விபத்துக்குப் பிறகு ஜப்பான் உருவாக்கிய கணினி அமைப்பு ஸ்பீடி. கசியும் கதிரியக்கம் காற்றில் எப்பக்கம் போகும் என்று கணிப்பதே அதன் வேலை. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா உலைகள் உருகியபோது அந்தக் கணிப்பு மக்களுக்கு எட்டவில்லை. முதல் வரைபடம் வெளியானது 23ஆம் தேதிதான். உலைகளுக்கு அருகிலிருந்த நமியே ஊர்க்காரர்களோ வடமேற்கே த்சுஷிமா பகுதிக்குப் போய், 15ஆம் தேதிவரை அங்கேயே தங்கினார்கள். அன்று காற்று அடித்ததும் வடமேற்கே. மழையும் பனியும் கதிரியக்கத்தை அந்த மண்ணிலேயே இறக்கின.

எவ்வளவு கசிந்தது என்றே தெரியாதபோது கணிப்பை எப்படி நம்புவது என்றார்கள் அதிகாரிகள். நியாயமான கேள்விதான். ஆனால் கசிவு மணிக்கு 1 பெக்கரல் என்று வைத்து ஸ்பீடி போட்ட கணக்கு, அளவைச் சொல்லாவிட்டாலும் திசையைச் சொன்னது. ஓடுகிறவருக்கு முதலில் வேண்டியது அதுதானே? 2014இல் ஜப்பானின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், வெளியேற்ற முடிவுக்கு ஸ்பீடி வேண்டாம், நேரடி அளவீடு போதும் என்றது. ஆனால் 2011இல் ஃபுகுஷிமாவின் பெரும்பாலான அளவீட்டு நிலையங்களை நிலநடுக்கமும் சுனாமியும் முடக்கியிருந்தன.