முகம் காட்டாதவர்களின் இசை: டெட்ராய்ட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கிராண்ட் பூலவார்டு என்றொரு நீண்ட சாலை உண்டு. அதன் மேற்குப் பகுதியில் ஒரு சிறு வீடு இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. பெரி கோர்டி 1959இல் தொடங்கிய மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்கள் அந்த வீட்டில்தான் பதிவாகின. கறுப்பின இசையை உலகெங்கும் ஒலிக்கச் செய்த மோட்டவுன் 1972இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பெயர்ந்தது. 1988இல் 6 கோடியே 10 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதே சாலையின் கிழக்குப் பகுதியில், 3000 என்ற எண் கொண்ட கட்டடத்தில், இன்னொரு இசைத்தட்டு நிறுவனம் பின்னாளில் குடியேறியது. அதன் பெயர் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ். மோட்டவுன் விட்டுச்சென்ற ஊரை விட்டு விலகாமலும், எவருக்கும் விலைபோகாமலும் இருப்பதையே அது தன் அடிப்படை விதியாக வகுத்துக்கொண்டது. அந்நிறுவனத்தின் ஒலி காலந்தோறும் மாறிய விதத்தை விளங்கிக்கொள்ள இந்த விதியிலிருந்தே தொடங்க வேண்டும்.

டெட்ராய்ட் கார்த் தொழிற்சாலைகளின் நகரம். 1950இல் அங்கு சுமார் 18 லட்சத்து 50 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். ஆலைகள் இடம்பெயர்ந்தன, 1967ஆம் ஆண்டின் கலவரத்தில் 43 பேர் மாண்டனர், வெள்ளையர்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1990இல் மக்கள்தொகை ஏறத்தாழ 10 லட்சத்து 28 ஆயிரமாகச் சுருங்கியது. இந்தச் சரிவின் நடுவில், 1980களில், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்னும் கறுப்பின இளைஞர் மூவர், சிந்தசைசரையும் தாள இயந்திரத்தையும் கொண்டு டெக்னோ இசையை உருவாக்கினர். 1988இல் லண்டனில் வெளியான ஒரு தொகுப்பின் வழியாக ஐரோப்பா அதைக் கண்டுகொண்டது. இசை டெட்ராய்ட்டில் பிறந்தது. அதன் பெருஞ்சந்தையோ அட்லாண்டிக்கின் மறுகரையில் விரிந்தது. அந்த இசைக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

அக்கேள்விக்கு விடையாக, 1990ஐ ஒட்டி மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸைத் தொடங்கினர். பேங்க்ஸ் ஃபங்க் இசைக்குழுக்களில் வாசித்துப் பழகிய கருவியிசைக் கலைஞர். மில்ஸ் உள்ளூர் வானொலியில் ‘விசார்ட்’ என்ற பெயரில் இசைத்தட்டுகளை மின்னல் வேகத்தில் மாற்றி ஒலிக்கச் செய்து புகழ் பெற்றவர். ராபர்ட் ஹுட் விரைவில் இணைந்தார். புகைப்படம் எடுக்க அனுமதி மறுத்தல், மேடையில் முகத்தைத் துணியால் மறைத்தல், பெருநிறுவன ஒப்பந்தங்களை நிராகரித்தல் ஆகியவை இவர்களின் வழக்கமாயின. விற்பனையையும் தாங்களே நடத்துவதற்காக ‘சப்மெர்ஜ்’ என்னும் விநியோக நிறுவனத்தை நிறுவினர். வினைல் தட்டின் உட்புற விளிம்பில், ஒலித்தடம் முடிந்து வெறுமையாக எஞ்சும் வளையத்தில், கேட்போருக்கான செய்திகளைக் கீறி அனுப்பினர்.

‘ரயட்’, ‘பனிஷர்’ முதலிய ஆரம்பகால இசைத்தட்டுகள் உலோகத்தை உலோகத்தின்மேல் அறைவது போன்ற கடுமை கொண்டவை. 1991இல் பெர்லினில், பழைய வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் ‘ட்ரெசோர்’ நடன அரங்கம் திறக்கப்பட்டது. சுவர் இடிந்த நகரின் இளைஞர்கள் அங்கே திரண்டனர். அவ்வரங்கம் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடு, எக்ஸ் 101 என்ற பெயரில் இந்த மூவரும் உருவாக்கியதே. ஆலை மூடிய நகரின் ஓசை, சுவர் வீழ்ந்த நகரின் ஓசையாகவும் ஆனது.

கடுமையில் தொடங்கி மென்மையில் முடிந்ததாக இந்நிறுவனத்தின் வரலாற்றைச் சுருக்குவது எளிது. ஆனால் வெளியீடுகளின் வரிசை அதற்கு இடம் தருவதில்லை. முதல் வெளியீடே யோலண்டா ரெனால்ட்ஸ் பாடிய, ஆன்மா ததும்பும் ஹவுஸ் பாடல். ‘ரயட்’ வெளிவந்த அதே 1991இல், ஜாஸின் சாயல் படிந்த ‘நேஷன் டு நேஷன்’ வந்தது. அடுத்த ஆண்டு ‘வேர்ல்டு டு வேர்ல்டு’, 1993இல் ‘கேலக்ஸி டு கேலக்ஸி’ எனத் தேசத்திலிருந்து உலகுக்கும் அங்கிருந்து விண்மீன் மண்டலத்துக்கும் அந்த வரிசை விரிந்தது. இவற்றுள் கடைசியில் இடம்பெற்ற ‘ஹைடெக் ஜாஸ்’, இயந்திரத் தாளத்தின்மீது ஒரு ஜாஸ் கலைஞரின் தனிவாசிப்பைப் போல உலவும் இன்னிசை. சினமும் ஏக்கமும் தொடக்கம் முதலே அருகருகே இருந்தன. காலம் மாற்றியது அவற்றின் விகிதத்தை மட்டுமே.

1992இல் மில்ஸும் ஹுட்டும் பிரிந்து நியூயார்க் சென்றனர். தாளத்தை எலும்புவரை மெலிதாக்கும் ‘மினிமல்’ பாணியை அவர்கள் வளர்த்தெடுத்தனர். டெட்ராய்ட்டிலேயே தங்கிய பேங்க்ஸ் கதவை அகலத் திறந்தார். அப்படி நுழைந்த குழுக்களுள் ஜேம்ஸ் ஸ்டின்சன், ஜெரால்டு டொனால்டு இருவரின் ‘டிரெக்சியா’ தனித்துவமானது. நீர்க்குமிழி போலத் துள்ளும் எலக்ட்ரோ தாளங்களே அவர்களின் மொழி. 1997இல் வெளியான ‘த குவெஸ்ட்’ தொகுப்பின் உறைக் குறிப்பு ஒரு தொன்மத்தைப் புனைந்தது: அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட கருவுற்ற ஆப்பிரிக்கப் பெண்களின் சிசுக்கள் நீருக்கடியில் மூச்சுவிடக் கற்று, ஆழ்கடலில் ஒரு நாகரிகத்தை எழுப்பின என்று. பாடல் வரிகள் அரிதான ஓர் இசைவடிவம், வரலாற்றின் ஆறாத புண் ஒன்றைத் தொட்டது. ஸ்டின்சன் 2002இல் மறைந்தார். அதுவரை கேட்போரில் பெரும்பாலோருக்கு அவருடைய பெயர் தெரியாது.

இந்நிறுவனத்தின் கொள்கைக்குக் கடுஞ்சோதனை 1999இல் வந்தது. மெக்சிக வம்சாவளியினரான டிஜே ரோலண்டோ, ‘ஆஸ்டெக் மிஸ்டிக்’ என்ற பெயரில் ‘நைட்ஸ் ஆஃப் த ஜாகுவார்’ இசைத்தட்டை வெளியிட்டார். அதன் தந்தியிசைச் சாயல் நடன அரங்குகளை ஆட்கொண்டது. உரிமம் மறுக்கப்பட்ட நிலையில், சோனியின் ஜெர்மானியக் கிளை அதன் நகலொன்றைத் தயாரித்தது. உலகெங்குமிருந்து ரசிகர்கள் மின்னஞ்சல்களில் கண்டனம் தெரிவிக்க, சோனி பின்வாங்கியது. அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸோ ‘ரிவெஞ்ச் ஆஃப் த ஜாகுவார்’ என்ற பெயரில் தன் சொந்த ரீமிக்ஸ்களை வெளியிட்டுப் பதிலளித்தது. பிரிந்து சென்றிருந்த ஜெஃப் மில்ஸின் கைவண்ணமும் அதில் இருந்தது.

இவ்வரலாற்றில் ஒரு முரணும் உண்டு. முகத்தை மறைத்ததே இவர்களை அடையாளச் சின்னமாக்கியது. சொந்த நகரின் வானொலியில் அரிதாக ஒலித்த இசை, பெர்லினிலும் டோக்கியோவிலும் கூட்டம் சேர்த்தது. டெட்ராய்ட்டின் பெயர் தெரியாமலே டெக்னோவுக்கு ஆடும் தலைமுறைகள் வந்துவிட்டன. எனினும், கிழக்கு கிராண்ட் பூலவார்டின் கட்டடத்தில் இசைத்தட்டுக் கடையும் டெக்னோ வரலாற்றுக் காட்சிக்கூடமும் இயங்கின. அந்தத் தட்டுகளின் உரிமையும் அவ்வூரிலேயே இருந்தது. சந்தையின் சுவைக்கேற்ப ஒலியை மாற்றுவோர் பலர். அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸில் ஒலி மாறியது வேறொரு காரணத்தால்: நேற்றைய வெற்றியைத் திரும்பச் செய் என்று கட்டளையிட அங்கே முதலாளி எவரும் இல்லை.