அதிகப் பார்வையாளர்கள் வரும் இணையதளத்துக்கு டிஎன்எஸ் சேவை: நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

2016-ஆம் ஆண்டு அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைப் பகுதியில் காலை 7 மணியளவில் ட்விட்டர், ஸ்பாட்டிஃபை, ரெடிட், கிட்ஹப் உள்ளிட்ட பெரும் இணையதளங்கள் பயனர்களுக்குத் திறக்காமல் போயின. அந்நிறுவனங்களின் சர்வர்களில் எந்தப் பழுதும் இல்லை. பக்கங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றுக்குச் செல்லும் வழியைச் சொல்ல வேண்டிய இடம்தான் முடங்கியிருந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த டைன் என்ற நிறுவனம் அவற்றுக்கு டிஎன்எஸ் சேவை வழங்கி வந்தது. ‘மிராய்’ என்ற தீங்குநிரல் தொற்றிய கண்காணிப்பு கேமராக்கள், வீடியோ பதிவுக் கருவிகள், வீட்டு ரவுட்டர்கள் ஆகியவற்றிலிருந்து டைனின் சர்வர்கள் மீது போலிக் கோரிக்கைகள் அலை அலையாக ஏவப்பட்டன. அன்றைய பகற்பொழுதின் பெரும்பகுதி அந்தத் தளங்களுக்கு இழப்பாக முடிந்தது.

டைன் அனுபவமற்ற நிறுவனம் அன்று. அத்துறையில் முன்னணியில் இருந்த பெயர்களுள் அதுவும் ஒன்று. தரமான நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்திருந்தும் அதன் வாடிக்கையாளர்கள் பலர் ஏன் தப்ப முடியவில்லை என்ற கேள்வியிலிருந்தே இன்றைய தேர்வும் தொடங்க வேண்டியுள்ளது.

டிஎன்எஸ் என்பது டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் ஏற்பாடு. பயனர் ஒரு தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்ததும், அவருடைய இணைய இணைப்பு நிறுவனத்தின் சர்வரோ, கூகுளின் 8.8.8.8 போன்ற பொதுச் சர்வரோ, அந்த டொமைனுக்கு அதிகாரபூர்வமாகப் பதில் சொல்லும் பெயர்ச் சர்வரைத் தேடிச் சென்று முகவரியைக் கேட்கிறது. கிடைத்த பதிலைக் குறிப்பிட்ட வினாடிகள் வரை நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்தக் கால அளவுக்கு டிடிஎல் என்று பெயர். இங்கு பேசப்படுவது, அதிகாரபூர்வமாகப் பதில் சொல்லும் அந்தப் பெயர்ச் சர்வர்களை யாரிடம் ஒப்படைப்பது என்பதைப் பற்றி.

தள உரிமையாளருக்கு மூன்று வழிகள் உண்டு. டொமைன் பெயரை விற்ற பதிவு நிறுவனம் இலவசமாகத் தரும் டிஎன்எஸ் வசதியையே பயன்படுத்தலாம். சிறிய தளங்களுக்கு அது போதும். சொந்தமாகச் சர்வர்களை நடத்தலாம். அல்லது அதற்கென்றே உலகளாவிய வலையமைப்பை வைத்துள்ள மூன்றாம் தரப்பு நிறுவனத்திடம் கொடுக்கலாம்.

சொந்தமாக நடத்துவதன் அபாயத்தை 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் உலகுக்குக் காட்டியது. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. தரவு மையங்களை அடைய முடியாததால், அதன் டிஎன்எஸ் சர்வர்கள் வடிவமைக்கப்பட்டபடியே தங்களுக்கான வழித்தட அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ 6 மணி நேரம் இணையத்திலிருந்து மறைந்தன. தளமும் அதன் பெயர்ச் சர்வரும் ஒரே வலையமைப்பில் இருந்தால் ஒன்றின் வீழ்ச்சி மற்றொன்றையும் இழுத்துச் செல்லும். பெயர்ச் சர்வர்கள் புவியியல் அளவிலும் வலையமைப்பு அளவிலும் பிரிந்திருக்க வேண்டும் என்று 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2182 என்ற தொழில்நுட்ப ஆவணமே வலியுறுத்தியிருக்கிறது.

மூன்றாம் தரப்பு என்று முடிவான பிறகு, விற்பனைப் பிரதிநிதிகள் முதலில் எடுத்து வைப்பது வேகம். பெரும்பாலான நிறுவனங்கள் ‘எனிகாஸ்ட்’ முறையைப் பயன்படுத்துகின்றன. (இதற்குத் தமிழில் இன்னும் நிலைபெற்ற சொல் இல்லை, ஒரே ஐபி முகவரியைப் பல நகரங்களில் உள்ள சர்வர்கள் ஒரே நேரத்தில் அறிவிப்பது என்று பொருள்.) கேள்வி கேட்பவருக்கு வலையமைப்பு வழியில் நெருக்கமான சர்வர் பதில் தரும். உலகில் எத்தனை நகரங்களில் சர்வர்கள் உள்ளன என்ற எண்ணிக்கை விளம்பரத்துக்கு உதவும். இந்தியப் பயனர்களைக் கொண்ட தளத்துக்கு வேண்டிய தகவல் வேறு: மும்பை, சென்னை, தில்லி ஆகிய நகரங்களில் சர்வர் உண்டா, ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் இணைப்புகளிலிருந்து வரும் கேள்வி அங்கேயே பதில் பெறுகிறதா, சிங்கப்பூருக்கோ ஐரோப்பாவுக்கோ சென்று திரும்புகிறதா? பட்டியலைப் பார்த்து இதை அறிய முடியாது. வெவ்வேறு இணைப்புகளிலிருந்து ஒரு வாரம் அளந்து பார்ப்பதே வழி.

கட்டணத்தைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான கணக்கு உள்ளது. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஒரு தளத்துக்கு 1 கோடிப் பேர் வந்தால், டிஎன்எஸ் நிறுவனத்துக்கும் 1 கோடிக் கேள்விகள் செல்லும் என்று எண்ணுகின்றனர். அப்படியன்று. இடையிலுள்ள சர்வர்கள் பதிலை நினைவில் வைத்திருப்பதால், கேள்விகளின் எண்ணிக்கையைப் பெரிதும் தீர்மானிப்பது டிடிஎல் அளவே. 300 வினாடி என்று வைத்தால் ஒரு நினைவகம் ஒரு பெயருக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 288 முறை கேட்கும். 60 வினாடி என்றால் 1,440 முறை. 3,600 வினாடி என்றால் 24 முறை மட்டுமே. அமேசான் ரூட் 53 சேவையின் பட்டியல் விலை, டொமைன் ஒன்றுக்கு மாதம் 0.50 டாலரும், முதல் 100 கோடிக் கேள்விகள் வரை ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் 0.40 டாலரும் என்ற அளவில் இருந்து வருகிறது. அந்தக் கணக்கில் மாதம் 10 கோடிக் கேள்விகளுக்கு 40 டாலர் ஆகும். கிளவுட்ஃப்ளேர் தனது அடிப்படை டிஎன்எஸ் சேவையை இலவசமாகவே தருகிறது. ஆக, செலவு பெரிய தடை அன்று.

ஆனால் தாக்குதல் நாளின் செலவு வேறு. இல்லாத துணைப்பெயர்களைத் தாறுமாறாக உருவாக்கிக் கேட்கும் ஒரு வகைத் தாக்குதலில், ஒவ்வொரு பெயரும் புதிது என்பதால் இடைச் சர்வர்களின் நினைவகம் காப்பாற்றாது. எல்லாக் கேள்விகளும் பெயர்ச் சர்வரையே வந்தடையும். அவற்றையும் கேள்விகளாக எண்ணிக் கட்டணம் விதிப்பார்களா, தாக்குதல் எல்லை மீறினால் வாடிக்கையாளரின் டொமைனையே நிறுத்திவைப்பார்களா என்பவற்றுக்கு எழுத்துபூர்வமான பதிலைப் பெற வேண்டும். ஒப்பந்தத்தில் காணப்படும் ‘100 சதவீத இயக்க உறுதி’ என்ற வாசகத்தை நம்பி ஏமாறலாகாது. தவறினால் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த மாதக் கட்டணத்தில் கழிவு. இழந்த விற்பனைக்கு இழப்பீடு அன்று.

இவை அனைத்திலும் சிறந்த நிறுவனமும் ஒரு நாள் நிற்கும். 2020 ஜூலை 17 அன்று அட்லாண்டாவில் இருந்த ஒரு ரவுட்டரின் அமைப்பில் நேர்ந்த பிழை கிளவுட்ஃப்ளேர் சேவையை அரை மணி நேரம் வரை பாதித்தது. 2021 ஜூலை 22 அன்று அகமாய் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவை, மென்பொருள் அமைப்பைப் புதுப்பித்தபோது வெளிப்பட்ட பிழையால் ஒரு மணி நேரம் வரை முடங்கியது. எனவே, ‘எந்த நிறுவனம் விழாது’ என்று தேடுவதைவிட, ‘விழும் நாளில் வேறொரு நிறுவனம் பதில் சொல்லும்படி இது விட்டுக்கொடுக்குமா’ என்று கேட்பதே பயன் தரும்.

ஒரு டொமைனுக்கு நான்கு பெயர்ச் சர்வர்கள் இருந்தால், அந்த நான்கும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டை ஒரு நிறுவனத்திலும் இரண்டை இன்னொன்றிலும் வைக்கலாம். ஒன்று பதில் தராதபோது கேட்கும் சர்வர் தானாகவே அடுத்ததை நாடும்; பயனருக்குச் சிறு தாமதம் மட்டுமே தெரியும். டைன் தாக்குதலில் சிக்கிய கிட்ஹப், பின்னாளில் என்எஸ்1, ரூட் 53 ஆகிய இரு சேவைகளின் பெயர்ச் சர்வர்களையும் சேர்த்துப் பயன்படுத்தியது. இரண்டிலும் ஒரே பதிவுகளை வைத்திருக்க உதவும் ‘ஆக்டோடிஎன்எஸ்’ என்ற கருவியை 2017-இல் அனைவருக்கும் திறந்து வெளியிட்டது.

தாக்குதல் வந்த பின் மாறிக்கொள்ளலாம் என்ற எண்ணம் நடைமுறையில் உதவாது. டாட் காம் பதிவகம் தரும் பெயர்ச் சர்வர் பட்டியலின் டிடிஎல் 1,72,800 வினாடிகள், அதாவது இரண்டு நாள்கள். பழைய பட்டியலை நினைவில் வைத்த சர்வர்கள் அதுவரை விழுந்த நிறுவனத்தின் கதவையே தட்டிக்கொண்டிருக்கக் கூடும். இரண்டாவது நிறுவனம் முன்னதாகவே பட்டியலில் இருந்தாக வேண்டும்.

இதற்கு இடம் தராத வசதிகளே தேர்வில் மிகக் கவனிக்கப்பட வேண்டியவை. பதிவுகளை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானாக நகலெடுக்கும் மண்டலப் பரிமாற்ற முறையை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை; ரூட் 53 அதை வழங்குவதில்லை, அங்கு நிரல் வழியாகவே பதிவுகளை ஒத்திசைக்க வேண்டும். பயனரின் நாட்டைப் பொறுத்துப் பதிலை மாற்றுவது, பழுதான சர்வரைத் தானே விலக்குவது, முதன்மை டொமைனையே வேறொரு பெயருக்குச் சுட்டுவது போன்ற கவர்ச்சியான வசதிகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டவை. அவற்றை நம்பிக் கட்டிய தளத்தை இரண்டாவது நிறுவனத்தில் அப்படியே பிரதி எடுக்க இயலாது. வசதி தேவைப்படும் ஒரு துணைப்பெயருக்கு மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு, மற்ற பதிவுகளை எளிமையாக வைத்திருப்பது நல்லது.

பதிலின் உண்மையைக் கையொப்பத்தால் உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் முறையும் இரு நிறுவன ஏற்பாட்டைச் சிக்கலாக்கும். இரு தரப்பும் தத்தம் சாவிகளால் கையொப்பமிடும் வழிமுறையை 2020-இல் ஆர்எஃப்சி 8901 விளக்கியது. அதற்கான ஆதரவு உண்டா என்று கேட்க வேண்டும். அவசரமாக இம்முறையைத் தொடங்குவதும் ஆபத்து. 2021 செப்டம்பர் 30 அன்று ஸ்லாக் நிறுவனம் அதை இயக்கித் திரும்பப் பெற முயன்றபோது, பழைய பதிவுகள் இடைச் சர்வர்களின் நினைவில் தங்கியதால் பயனர்களில் ஒரு பகுதியினர் பல மணி நேரம் இணைய முடியாமல் தவித்தனர்.

கணக்கின் பாதுகாப்பும் இதே அளவு முக்கியம். 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் தளம் வீழ்ந்தது சர்வர் தாக்குதலால் அன்று. டொமைன் பதிவு நிறுவனத்தின் மறுவிற்பனையாளர் ஒருவரின் கடவுச்சொல் திருடப்பட்டு, பெயர்ச் சர்வர் விவரமே மாற்றப்பட்டது. இருபடிச் சரிபார்ப்பு, ஊழியருக்கு ஊழியர் வேறுபட்ட அனுமதி, யார் எப்போது எந்தப் பதிவை மாற்றினார் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இல்லாத நிறுவனத்தைத் தவிர்க்கலாம். டொமைன் பதிவையும் டிஎன்எஸ் சேவையையும் ஒரே கணக்கில் வைப்பதும் விரும்பத்தக்கதன்று. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேர் சேவையில் கோளாறு ஏற்பட்டபோது, பெரும்பாலான வாடிக்கையாளர்களால் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் உள்நுழையவே முடியவில்லை. வெளியேற விரும்பியவர்களுக்கும் கதவு பூட்டியிருந்தது.

இந்திய நிறுவனங்களுக்கு ஒரு சட்டக் கடமையும் உண்டு. செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, டிஎன்எஸ் சர்வர்கள் மீதான தாக்குதல் உள்ளிட்ட சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும். கேள்விப் பதிவேடுகளை எடுத்துத் தராத மலிவான திட்டங்கள் இங்கே இடறும்.

மாறும்போது, பழைய இடத்திலுள்ள எல்லாப் பதிவுகளையும் புதிய இடத்தில் அமைத்து, இரு சர்வர்களையும் நேரடியாகக் கேட்டுப் பதில்களை ஒப்பிட்ட பிறகே பெயர்ச் சர்வர் பட்டியலை மாற்ற வேண்டும். இணையதள முகவரியை மறக்காமல் நகலெடுப்பவர்கள்கூட மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ், டிஎக்ஸ்டி பதிவுகளை விட்டுவிடுவதுண்டு. தளம் திறந்தபடி இருக்க, அலுவலக அஞ்சல் மட்டும் நின்றுபோகும். டிஎன்எஸ்செக் இயங்கிக்கொண்டிருந்தால் அதன் சாவி விவரத்தைப் பதிவகத்தில் முன்னதாகவே நீக்கிக் காத்திருக்க வேண்டும். பழைய கணக்கைக் குறைந்தது ஒரு வாரமாவது மூடாமல் வைத்திருப்பது அவசியம்.